வெளித்துறையில் கட்டிய படகு

டீ வேண்டாம் சார், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். என் மனைவி எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் காலையில் டீ கொடுக்காமல் என்னை வெளியே அனுப்ப மாட்டாள். இன்று கோபம்கூட இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவது அவளுக்குத் தெரியாது, துறைமுக அலுவலகத்துக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சட்டையில் ஒரு பொத்தான் தொங்குகிறதென்று வாசலில் நிற்கவைத்துத் தைத்துவிட்டாள்.

நிதானமாகவே சொல்கிறேன். படபடவென்று பேச எனக்கு வராது. படகுக்காரர் சங்கத்தின் செயலாளர் நான். எதற்கெடுத்தாலும் மனு எழுதுவதால் துறையில் என் பெயரே ‘மனு’ என்றாகிவிட்டது. விளக்கு எரியவில்லையா, ஒரு மனு. படிக்கட்டில் பாசியா, ஒரு மனு. சிரிப்பார்கள். ஆனால் விளக்கு எரியும், பாசி போகும்.

இறந்துபோனவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவருக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர். ரகசியம் சொன்னாலும் நாலு படகு தாண்டிக் கேட்கும். இருவருக்குமே சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிச்செல்லும் படகுதான் பிழைப்பு. எங்களுக்குள் பகை இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் படகில் அடிப்பலகை பெயர்ந்தபோது தன் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நின்று தார் பூசினவர் அவர். அப்போதும் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

துறைமுக நிர்வாகம் படகு கட்டும் இடங்களை மாற்றியதில்தான் எல்லாம் தொடங்கியது. அதுவரை சிறிய படகுகள் எல்லாம் உள்துறையில், கரைச்சுவரை ஒட்டிக் கட்டியிருந்தோம். இனி உள்துறை பெரிய படகுகளுக்கு. அங்கேயே கட்ட வேண்டுமென்றால் இரட்டை வாடகை. வேண்டாமென்றால் அலைத்தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் வெளித்துறையில் மிதவைகள் போட்டுத் தருவார்கள், அதில் கட்டிக்கொள்ளலாம். அதற்குப் பாதி வாடகை. மிதவைக்குக் கீழே சங்கிலி, சங்கிலிக்குக் கீழே கனமான கான்கிரீட் கட்டை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் வேண்டாம் என்றேன். வெளித்துறையில் அடி முழுக்கப் பாறை. மிதவை அறுந்தால் நங்கூரம் போட்டாலும் பிடிக்காது. சுவரில்தான் போய் மோதும். அதை மனுவாக எழுதி, சங்கக் கூட்டத்தில் துறைமுக அதிகாரியின் முன்னால் வாசித்தேன். கொஞ்சம் நீளமான மனு. வாசித்து முடித்தபோது முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அப்போது என் சகலை எழுந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம மனுவுக்குக் கடல்னாலே கொஞ்சம் பயம். அவரை விட்டா படகை வீட்டு வாசல்ல கட்டிட்டு, பயணிங்களை மாடிக்கு வந்து கடலைப் பாத்துட்டுப் போகச் சொல்லுவாரு.”

கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. பிறகு கைதூக்கச் சொன்னார்கள். எனக்காக ஒரு கை உயர்ந்தது. அதுவும் மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்காக உயர்ந்த கை.

வெளியே வந்ததும் சகலை என் தோளில் கைபோட்டார். “என்ன சகல, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு? சும்மா தமாஷுக்குச் சொன்னேன். பாதி வாடகை சகல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது சும்மாவா?”

“நான் எதுவும் நினைக்கல, சகல,” என்றேன்.

எல்லோரும் வெளித்துறைக்குப் போனோம். நானும்தான். என்னால் இரட்டை வாடகை கொடுக்க முடியாது. மாதங்கள் போயின. ஒரு படகும் அறுந்துகொண்டு போகவில்லை. நான் மனசுக்குள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். காற்று கொஞ்சம் எழும்பினாலும் ஜன்னலுக்குப் போய் நிற்பேன். காலையில் எல்லாப் படகும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஏமாற்றம் வரும். என் படகும் அவற்றில் ஒன்று, இருந்தாலும் வரும். யாராவது எதிரில் வந்தால், “என்ன மனு, வாசல்ல கட்ட இடம் பாத்தாச்சா?” என்பார்கள். தின்பண்டம் விற்கிறவர்கூடக் கேட்டார்.

பெரிய காற்று வரப்போகிறதென்று அறிவிப்பு வந்தது. அன்று மாலை, நல்ல வெளிச்சத்தில், என் துடுப்பு ஓடத்தை எடுத்துக்கொண்டு வெளித்துறைக்குப் போனேன். மிதவையையும் சங்கிலியையும் சேர்ப்பது ஒரு இரும்பு வளையம். நாங்கள் ஷேக்கிள் என்போம். அதன் குறுக்கே ஒரு திருகாணி. அது தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று கம்பி சுற்றி இறுக்கியிருப்பார்கள். ஒரு மிதவையில் அந்தக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். மிச்சத்தை அலையின் ஆட்டமே பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் படகில் வலை மாதிரி எதையோ சுருட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் எப்போதும் எதையாவது சோதித்துக்கொண்டிருப்பவன். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அந்த மிதவை சகலையுடையது. ஏன் அவருடையது என்றால், எங்கள் எல்லோரிலும் காப்பீடு எடுத்திருந்தவர் அவர் ஒருவர்தான். படகு உடைந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஆள் இல்லாத படகு ஒன்று சுவரில் மோதினால் போதும், எல்லோருக்கும் உறைக்கும், எல்லாப் படகையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். இப்படித்தான் யோசித்தேன். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லையென்று அன்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை படகுத்துறைப் படிக்கட்டில் சகலை நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பை, தோளில் கயிற்றுச் சுருள். அவருடைய ஓடத்தில் ஓட்டை விழுந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

“சகல, என்னைக் கொஞ்சம் படகுல விட்டுடுங்க. காத்து வரதுக்குள்ள இன்னொரு கயிறு போட்டுக் கட்டணும். காத்து அடங்கற வரைக்கும் கூடவே இருந்துட்டு வந்துடறேன்.”

“எதுக்கு சகல? காப்பீடுதான் இருக்கே,” என்றேன்.

“காப்பீடு இருந்தா விட்டுட முடியுமா? வீட்டுலயும் சண்டை. அங்க இருக்கறதுக்கு இங்க இருக்கலாம்.” சிரித்தார்.

அவருடைய இன்ஜினைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாதி பட்டறையில் கிடந்தது. அவர் அவசரத்துக்கு இன்ஜினை ஓட்டித் தப்பிக்க முடியாது. எனக்கு அது தெரியும். பட்டறைக்கு அந்தப் பாகத்தைச் சுமந்துபோனதில் ஒரு கை என்னுடையது.

நான் அவரை ஓடத்தில் ஏற்றிக்கொண்டேன்.

நீங்கள் இப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும் சார். வழியெல்லாம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். “சகல, உங்க மிதவையில கம்பி இல்ல, வாங்க திரும்பிடலாம்.” ஆனால் அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதாக இருக்கும். நேற்று சோதித்தபோது பார்த்தேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. மனசுக்குள் இரண்டொரு பேரிடம் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நம்பிவிடுவார்கள் போலத் தெரிகிறது. நீங்கள் நம்ப வேண்டாம். தோன்றியது. துடுப்புப் போட்டுக்கொண்டே அந்தப் பொய்யை முழுசாக அடுக்கிப் பார்த்தேன். அவர் உடனே திருகாணியை இறுக்கி, கம்பி சுற்றிவிடுவார். படகு நிற்கும். காற்று வந்து போகும். அடுத்த கூட்டத்தில் நான் பழைய மனுவாகவே உட்கார்ந்திருப்பேன்.

படகை நெருங்கியபோதே அலை ஏற ஆரம்பித்திருந்தது. அவர் ஏறிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி கீழே என்னைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நீங்க சொன்னது சரிதான் சகல. இங்க ஆட்டம் ரொம்ப ஜாஸ்தி. அடுத்த கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பாருங்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. “பாத்து இருங்க,” என்றேன். திரும்பி வந்தேன்.

மதியத்துக்கு முன்பே காற்று முழு வேகத்தில் அடிக்கத் தொடங்கிவிட்டது. அலைத்தடுப்புச் சுவரின் மேல் நாங்கள் எல்லோரும் நின்றோம். அவர் படகு முதலில் லேசாகத் திரும்பியது. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. அவர் நங்கூரத்தைத் தூக்கிப் போடுவது தெரிந்தது. பிடிக்கவில்லை. மறுபடி இழுத்துப் போட்டார். பிடிக்கவில்லை. நான் எழுதியிருந்தபடியேதான் நடந்தது. கத்தினார், ஆனால் காற்றில் அந்தக் குரல்கூட எங்கள் வரைக்கும் வரவில்லை. நான்தான் முதலில் கயிறு எறிந்தேன். எட்டவில்லை. அது மட்டும் நான் வேண்டுமென்று செய்ததில்லை, சார்.

படகு சுவரில் இரண்டாம் முறை மோதியபோது அவர் மேல்தளத்தில் இல்லை. காற்று ஓய்ந்த பிறகு பாறைகளுக்கிடையில் கிடைத்தார். என் மச்சினிக்குச் சொல்லும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவன் நான்தானே.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். அந்த மிதவையில் கம்பி சுற்றியிருக்கவில்லை, முந்தின நாளே பார்த்தேன் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அப்படியானால் சகலையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அதை வைத்துத்தான், தண்ணீருக்குள் மூழ்கி மிதவைகளைப் பொருத்திக் கொடுத்த மூழ்காளரைக் கைதுசெய்தார்கள். அவருடைய மனைவி ஒருநாள் சங்க அலுவலகத்துக்கு வந்து, “அவர் எதையும் அரைகுறையா விடற ஆள் இல்லைங்க,” என்றார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னேன். மேலிடத்துக்கு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன். நல்ல மனு அது.

நிர்வாகம் எல்லோரையும் உள்துறைக்கு, பழைய வாடகைக்கே, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. சங்கத்தில் அவருக்காக இரங்கல் கூட்டம் போட்டார்கள். நான் பேசினேன். என் சகலை கடைசியாக என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்: நீங்க சொன்னது சரிதான், சகல. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டுவது சரியில்லையென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கைதட்டல் அடங்கும் வரை அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் காத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

மூழ்காளருக்காக மனம் கேட்காமல் வந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. அப்படி இல்லை. நேற்று மச்சினி வீட்டுக்கு வந்திருந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். வந்தால் அவள் கேட்பது ஒன்றுதான்.

“மாமா, அவர் கடைசியா என்ன சொன்னாரு? இவளுக்கும் சொல்லுங்க.”

சண்டை போட்டுக்கொண்டு போன மனுஷன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்று முதல் நாளே அவள் கேட்டிருந்தாள். சொன்னார் என்று சொல்லியிருந்தேன். கோபமெல்லாம் போய்விட்டது, சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லச் சொன்னார் என்று. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நேற்று அதை மகளுக்குச் சொல்லும்போது, “என் பொண்ணை நல்லா படிக்கச் சொல்லுங்க” என்று ஒரு வரி என் வாயில் தானாக வந்து சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் அழுதாள். மச்சினி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கூடப் பொறந்த அண்ணன் மாதிரி கடைசி வரைக்கும் நீங்கதான் கூட இருந்தீங்க.”

உள்ளே என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். நாளைக்கு இன்னொரு வரி சேர்ப்பேன் என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள் நானே அதை நம்பிவிடுவேன் என்றும் தெரிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். கம்பியை வெட்டினது நான். திருகாணியைத் தளர்த்தினது நான். அவர் படகில் இருப்பார் என்று தெரிந்தும், இன்ஜின் ஓடாது என்று தெரிந்தும், என் கையால் துடுப்புப் போட்டு அவரை அங்கே கொண்டுபோய் விட்டது நான். காப்பீடு ஒரு காரணமே இல்லை. அன்றைக்குக் கூடத்தில் அவர் பேசி எல்லோரும் சிரித்ததுதான் காரணம். மூழ்காளரை விட்டுவிடுங்கள், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. மற்ற எல்லா மிதவையிலும் கம்பி இறுக்கமாகத்தான் இருந்தது, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும், சார். அந்த வெளித்துறை படகு கட்டுவதற்கு லாயக்கில்லாத இடம் என்று நான் முதலிலேயே சொன்னேன். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் நல்லது.