கண்மாயின் கிழக்கு மூலை

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பட்டாசு ஆலை அதிபர் காசிராஜன் அவர்களே! மடையையும் மறுகாலையும் மறவாது காக்கும் மதிப்பிற்குரிய பெரியோர்களே! மருந்து படிந்த கையைக் கழுவிய ஈரம் காயுமுன் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மண் பரிசோதனை நிலையத்துப் பொன்னுத்தங்கத்தின் பணிவான வணக்கம்.

கண்மாய் தூர்வாரும் தொடக்க விழா இது. பொக்லைன் மாலை போட்டு நிற்கிறது. வெட்டும் கரம்பையை, அந்த வண்டல் மண்ணை, வயலுக்கு அள்ள டிராக்டர்களும் வரிசையாக நிற்கின்றன. வாழ்த்த அழைத்தீர்கள், நான் தடுக்க வந்திருக்கிறேன். கிழக்கு மூலையைத் தொடாதீர்கள். ஆலையில் கழிவு வெடிமருந்து எரிக்கும் பொட்டலிலிருந்து மழைநீர் வந்து விழும் மூலை அது.

அதோ, கூட்டத்தில் பாலகுரு அண்ணாச்சி எழுந்துவிட்டார். "கண்மாய்த் தண்ணி நல்லாருக்குன்னு போன மாசம் நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீக?" என்கிறார். கொடுத்தேன் அண்ணாச்சி. தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஏன் நல்ல தண்ணீர்? வந்த நஞ்சு வானத்துக்கா போனது? வழியில் போனவரா வாரிக்கொண்டு போனார்? வாங்கி வைத்திருப்பது எது? மண் ஐயா, மண்! நம் கரிசல் மண்!

கரிசலின் களித்துகள் எதிர்மின்சாரம் ஏந்தி நிற்கிறது. வாணத்தில் பச்சை ஒளி தந்த பேரியம், நீல ஒளி தந்த செம்பு, என்றோ எரித்த ஈயம், எல்லாம் நேர்மின்சாரத்தோடு நீரில் வருகின்றன. துகள் அவற்றைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. பரப்புக் கவர்தல் என்று இதற்குப் பெயர். பிடிக்கும், அழிக்காது. இடம் நிரம்பினால் பிடிக்கவும் பிடிக்காது. புளிப்பு, அதாவது அமிலம், பட்டால் பிடித்ததையும் விட்டுவிடும். கீரையின் வேர் கசியவிடுவதும் புளிப்புத்தான். மண்ணுக்கு நம்மீது பாசமும் இல்லை, பகையும் இல்லை.

கைதட்டல் இருக்கட்டும், இன்னும் முடியவில்லை.

ஆலையில் பட்டாசுத் திரி வேலை பார்க்கும் வள்ளித்தாயை உங்களுக்குத் தெரியும். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். தண்ணீர் நல்லதென்றால் மண்ணும் நல்லதுதான் என்று நம்பி, கிழக்கு மூலைக் கரம்பையில் ஒரு லோடு அள்ளிக் கீரைப் பாத்தியில் போட்டார். கீரை மதமதவென்று வளர்ந்தது. தெருவுக்கே விற்றார். மாசமாக இருக்கும் மகள் வேல்விழிக்கும் அதையே கடைந்து கொடுத்தார். பிறகு என்னிடம் மண்ணும் கீரையும் கொண்டுவந்து, "மண்ணும் நல்லாருக்குன்னு ஒரு சீட்டுக் குடுங்கம்மா, வாங்குறவுகளுக்குக் காட்டணும்" என்றார்.

சீட்டு கொடுக்க முடியவில்லை. ஈயம் இரண்டிலும் இருந்தது.

அன்றே கீரையைப் பிடுங்கிவிட்டார். வேல்விழியின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. எனக்குக் கோபமில்லை, பயமாக இருக்கிறது. வள்ளித்தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மண்ண வழிச்சு அள்ளியும் வச்சுட்டேன். அம்புட்டையும் எங்கனம்மா கொட்ட? கண்மாயிலயா, ரோட்டுலயா, அடுத்தவுக வீட்டு வாசல்லயா?"

எங்கே கொட்டுவது? அடியில் நீர் இறங்காத விரிப்பு வேண்டும். மேலே மழை இறங்காத கூரை வேண்டும். வெள்ளம் வராத மேட்டு நிலம் வேண்டும். இந்த ஊரில் அப்படி ஒரு மேடு ஆலையின் சுற்றுச்சுவருக்கு உள்ளே மட்டுமே இருக்கிறது.

தலைவர் அவர்களே, வள்ளித்தாய் எழுந்து நிற்கிறார். உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள், உட்காரவில்லை. அந்தச் சுவரின் கதவைத் திறக்க வேண்டியவர் நீங்கள். இந்த மைக்கை உங்கள் கையில் தருகிறேன். கேட்டிருந்த செவிகளுக்கு என் நன்றி. பதில் சொல்லப்போகும் வாய்க்கு என் வணக்கம்.