பாலத்துக்கு அந்தப் பக்கத்து இதயம்

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவர் அம்மா அவர்களே, ஊசி குத்தினாலும் உள்ளம் குத்தாத செவிலியர் சகோதரிகளே, அடிபட்ட இதயங்களை அலுங்காமல் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே, அந்த இதயங்களைக் கட்டி மேய்க்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் அருமைச் சம்பந்தி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்!

முதலில் ஒரு மன்னிப்பு. சுவருக்கு வண்ணம் அடித்துக் காய்த்த கை இது. முதியோர் வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் எழுதப் பழகுகிறது. இந்தத் தாளில் சில எழுத்துகள் குனிந்து நிற்கின்றன, சில விழுந்தே கிடக்கின்றன. ஆகவே நடுவில் நான் நின்றால், மறுபடியும் நெஞ்சுவலி என்று ஓடி வராதீர்கள். அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருப்பேன்!

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து எனக்கும் சம்பந்திக்கும் எல்லாவற்றிலும் போட்டி. எனக்கு மாரடைப்பு வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கும் வந்துவிட்டது! என்னை இந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அவரை அந்தப் பக்கத்திலேயே சேர்த்தார்கள். இருவரும் பிழைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் மாத்திரைகளைக் கடைபரப்பினோம். என்னிடம் ஒன்று கூடுதலாக இருந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை.

லாரி ஓட்டியவர் அல்லவா, சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா சம்பந்தி? நல்ல வண்டிக்கு ரிப்பேர் கம்மி!"

உடனே அவர் மனைவி, "நடுரோட்டுல நின்ன வண்டிதானே, ரொம்பப் பீத்திக்காதீங்க" என்றார்.

தாய்மார்கள் கைதட்டலாம், தடையில்லை!

நான் மருத்துவர் அம்மாவிடம் விசாரித்தேன். "மாரடைப்பு வந்தவங்களுக்குப் பெரும்பாலும் இதைக் கொடுத்துத்தான் அனுப்புவோம் ஐயா. மறுபடியும் வராம இருக்க உதவும். அவருக்கு எழுதாததுக்கு ஏதாவது காரணம் இருக்கலாம். அங்கயே கேக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்தப் பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். மாரடைப்பு வந்த முடிதிருத்துபவருக்கு அந்த மாத்திரை இல்லை. பள்ளிக்கூடக் காவலாளிக்கும் இல்லை. இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்தால்தான் எழுதுவது அங்கே வழக்கமாம். மாரடைப்பு வந்தாலே எழுதுவது இங்கே வழக்கம். பெரியோர்களே, இதயம் என்ன பாலத்தைப் பார்த்தா துடிக்கிறது? இரத்தம் என்ன எல்லையைக் கேட்டா ஓடுகிறது? இந்தக் கரையில் அடைக்கும் கொழுப்பு அந்தக் கரையில் வழிவிட்டு ஒதுங்குமா?

சம்பந்தியிடம் சொன்னேன். "கேட்டா என் டாக்டரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்" என்றார். "மாமா, எனக்காக ஒரு தடவை கேளுங்க மாமா" என்று மகள் கெஞ்சினாள். அசையவில்லை. போன வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டு, "செருப்பு வார் அறுந்துடுச்சு" என்றார். காலில் செருப்பே இல்லை!

நீங்கள் சிரிக்கிறீர்கள். என் மகள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

ஆகவே இந்த மேடையில் அறிவிக்கிறேன். சம்பந்திக்கு வேண்டாத மாத்திரை எனக்கும் வேண்டாம். இன்று முதல் நிறுத்துகிறேன்!

மருத்துவர் அம்மா, உட்காருங்கள். சம்பந்தி எழுந்துவிட்டார். பின்வரிசைக்குக் கேட்காது, நான் சொல்கிறேன். "யோவ், பைத்தியமா பிடிச்சிருக்கு? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மருமக முகத்துல நான் எப்படிய்யா முழிப்பேன்?" என்கிறார்.

இத்தனை வருடத்தில் இன்றுதான் என்னை 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறார்!

சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதே முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

என்ன? உரக்கச் சொல்லுங்கள். "நாளைக்கே கேக்குறேன். முதல்ல நீ மாத்திரையைப் போடு." கேட்டீர்களா கூட்டத்தாரே! பாலம் தாண்டி வந்திருக்கும் மற்றவர்களே, நீங்களும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சண்டை வேண்டாம், சந்தேகம் வேண்டாம். "இது எனக்கு வேணுமா, வேண்டாமா, ஏன்?" அவ்வளவுதான். வேண்டாம் என்றால் காரணத்தைத் தெரிந்துகொண்டு நிம்மதியாக வீடு போங்கள்.

தாளில் இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது. ஆனால் சம்பந்தி தண்ணீர் டம்ளரோடு மேடை ஏறுகிறார், நான் விழுங்கும்வரை விடமாட்டார். பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, துடிக்கும் உங்கள் நெஞ்சங்களுக்கு வணக்கம்!