இரண்டாவது கப்

டிரைவர்: அக்கா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி உக்காருங்களேன். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. வார்டன் கண்ணாடிக் கதவு வழியா பாக்கறாங்க.

தையல்காரி: பாக்கட்டும்.

டிரைவர்: பயப்பட வேண்டியவ நானு. உங்களுக்கென்ன?

தையல்காரி: கால ஆட்டாத. பெஞ்சே ஆடுது.

டிரைவர்: ஸ்கூல் வேன் ஓட்டுன காலு, சும்மா இருக்காது... வார்டன் என் டெஸ்ட் கப்ப வாங்கி, சூடு இருக்கான்னு புறங்கையால தொட்டுப் பாத்தாங்க பாருங்க, உயிரே போயிடுச்சு. ஆறியிருந்தா அங்கயே மாட்டியிருப்பேன்.

தையல்காரி: ஆறலயே.

டிரைவர்: எப்படி ஆறும்? பாத்ரூம் வாளிக்குப் பின்னால நீங்க வெச்சத எடுத்து அக்குள்ள இடுக்கிக்கிட்டு நூறு எண்ணினேன். அடுத்தவ மூத்திரத்த அடைகாத்தவ உலகத்துலயே நான் ஒருத்திதான்.

தையல்காரி: மெதுவா பேசித் தொலைடி.

டிரைவர்: சிரிச்சுட்டீங்க! இருந்தாலும் ஒரே ஆளு ரெண்டு கப் ரொப்பறது...

தையல்காரி: விடியக்காலையில இருந்து தண்ணியா குடிச்சேன்.

டிரைவர்: எனக்காகவா? சொல்லுங்கக்கா, எனக்காகத்தான?

தையல்காரி: வெள்ளிக்கிழமை வெளிய போனப்ப எவ்வளவு குடிச்ச?

டிரைவர்: அதான் சொன்னேனே. ரெண்டு மடக்கு.

தையல்காரி: என் மூஞ்சியப் பாத்து சொல்லு.

டிரைவர்: ...பாட்டில் பூரா. லைசென்ஸ் ஆபீஸ்ல அந்தாளு என் பேப்பரப் பொரட்டிட்டு, 'ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தவள நம்பி எவன் புள்ளைங்கள ஏத்தி விடுவான்'னு சிரிச்சான். வர்ற வழியில கடை. காலு தானா நின்னுடுச்சு.

தையல்காரி: அதுவும் வேன் ஓட்டுன காலுதான்.

டிரைவர்: குத்துங்க, குத்துங்க. இன்னும் மூணே நாளு. வியாழக்கிழமை மாமியார் பாப்பாவக் கூட்டிட்டு வர்றாங்க. நாலு மாசம் ஆச்சுக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சாம். ஓட்டப்பல்லோட எப்படிச் சிரிக்குதுன்னு பாக்கணும்.

தையல்காரி: மாமியார் ஏதோ கண்டிஷன் போட்டாங்களே...

டிரைவர்: 'இன்னொரு தடவ வழுக்குன, புள்ளைய மறந்துடு'ன்னாங்க. சொன்னாச் செய்யற ஆளு.

தையல்காரி: அப்ப நான் சொல்றதக் கேளு. எந்திரி. உள்ள போய் வார்டன்கிட்ட குடிச்சத நீயே சொல்லிடு.

டிரைவர்: என்னது?

தையல்காரி: ரிசல்ட் வர்றதுக்கு முன்னால தானா ஒத்துக்கிட்டா ஒரு தடவ மன்னிப்பு உண்டு. இந்த மறுவாழ்வு வீட்டு ரூல் உனக்கும் தெரியும். இங்க உன் கட்டில் போகாது.

டிரைவர்: கட்டில் போகாது, பாக்க வர்றது போயிடும்ல? ஒரு மாசம் யாரும் வரக்கூடாதும்பாங்க.

தையல்காரி: ஒரு மாசந்தானடி! டெஸ்ட் ஸ்ட்ரிப் காட்டிக் குடுத்தா சாயங்காலமே பெட்டி வாசல்ல.

டிரைவர்: ஸ்ட்ரிப் என்னத்தக் காட்டும்? உள்ள இருக்கறது உங்களோடதாச்சே! அஞ்சு மாசமா ஒரு சொட்டு, ஒரு மாத்திரை தொடாதவங்க. புதுசா எவ வந்தாலும் 'அந்தத் தையல்காரியப் பாத்துக் கத்துக்கோ'ங்கறாங்க. எனக்குக் கைகால் ஒதறுன முதல் வாரம் பூரா நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?

தையல்காரி: சரி, ஒத்துக்க வேணாம். கப் மாறிடுச்சு, வேற தர்றேன்னாவது சொல்லு.

டிரைவர்: என் சாக்கடையக் குடுக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே கதை! அக்கா... பயந்துட்டீங்களா? மாட்டுனா உங்களையும் சேத்து அனுப்பிடுவாங்கன்னு?

தையல்காரி: ஆமான்னு வெச்சுக்கோ. போய் சொல்லுடி.

டிரைவர்: உங்க பேர உயிர் போனாலும் சொல்ல மாட்டேன். போதுமா? அடுத்த மாசம் உங்க பையன் வந்து கூட்டிட்டுப் போறப்ப நான்தான் பெட்டியத் தூக்கிட்டு வருவேன்.

தையல்காரி: அவன் பேச்ச எடுக்காத.

டிரைவர்: ஏன்? புது வீட்ல அம்மாவுக்குத் தனி ரூம்னு சொன்னீங்களே...

தையல்காரி: எந்திரி, இன்னும் நேரம் இருக்கு. உன் கால்ல வேணா விழறேன்...

டிரைவர்: அக்கா! என்னக்கா இது, கைய விடுங்க... கதவு தெறக்குது பாருங்க.

வார்டன்: ரெண்டு பேரும் உள்ள வாங்க.

டிரைவர்: ரெண்டு பேருமா?

வார்டன்: ஆமா. கதவச் சாத்து. இந்த ரெண்டு ஸ்ட்ரிப்பையும் பாருங்க.

டிரைவர்: எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதுங்க மேடம்.

வார்டன்: மாத்திரை. தூக்க மாத்திரை. ரெண்டுலயும். மறுபடியும் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டேன்.

டிரைவர்: மாத்திரையா? எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே! நான் குடிக்கறவங்க... நான் வெள்ளிக்கிழமை குடிச்சேன் மேடம், பாட்டில் பூரா குடிச்சேன், இதோ ஒத்துக்கறேன்! தானா சொன்னா மன்னிப்பு உண்டுல்ல?

வார்டன்: ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா அது தானா சொன்னது ஆகாதும்மா. துணியெல்லாம் எடுத்து வைங்க. வியாழக்கிழமை வர வேணாம்னு உன் மாமியாருக்கு நான் போன் பண்ணிடறேன்.

டிரைவர்: ஐயோ மேடம், போன் மட்டும் வேணாம்... மேடம்! அக்கா, நீங்களாவது வாயத் தெறந்து சொல்லுங்க! முடியாதுன்னு ஒரு வார்த்தை... நேத்து நான் கேட்டப்பவே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் வேற எவகிட்டயாவது கேட்டிருப்பேனே!

தையல்காரி: முடியாதுன்னா ஏன்னு கேட்டிருப்பியேடி... 'வீட்டுக்கு வராத, அங்கயே கெட'ன்னு என் பையன் போன்ல சொன்னதுல இருந்து ஆறு நாளா மாத்திரை இல்லாம நான் கண்ண மூடல. தண்ணியக் குடிச்சா கரைஞ்சிடும்னு நெனச்சேன். என்னச் சுத்தமானவன்னு நம்பி வந்து நின்னது நீ ஒருத்திதான்... உன்கிட்டயாவது இன்னும் ஒரு நாள் அப்படியே இருந்துக்கலாம்னு பாத்தேன்.