சீலர் அடிக்காத சீர்த்தட்டு

எனக்குக் கைவேலை என்றால் உயிர். புக்கிட் பாத்தோக் சமூக மன்ற வகுப்பில் ஆல்கஹால் மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, வீட்டில் ஒரு கண்ணாடித் தட்டையும் நான் சும்மா விட்டதில்லை.

அதனால்தான் தம்பி அண்ணாதுரை தன் மகன் ஜெய்யின் நிச்சயதார்த்தத்துக்கு என்னிடம் வந்தான். "பொண்ணு வீட்டுக்குக் கொண்டுபோற சீர்த்தட்டு நீதான் செய்யணும் அக்கா. ரெண்டு பேரு பேரும் இருக்கணும் லா."

சந்தோஷமாகச் செய்தேன். என் மகள் சிவானிதான் ஜெய்க்கு முறைப்பெண் என்று நான் வாயே திறக்கவில்லை. அவள் பிறந்தபோது தம்பியே சொன்னது. அவன் மறந்துவிட்டான், நானும் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். சிவானியைக் கேட்டால், "ஐயோ அம்மா, ஜெய் எனக்கு பிரதர் மாதிரி" என்பாள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

இந்த மை காய்ந்ததும் சீலர் ஸ்பிரேயை மெல்லிசாக நாலைந்து தடவை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால், கொஞ்சம் ஆல்கஹால் பட்டாலும் கரைந்து ஓடிவிடும். நான் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டு நசீருக்கு இளைப்பு, அந்த நெடி ஆகாது. நாலு பேரையும் பார்க்க வேண்டாமா.

பெண்ணின் அம்மா இராசேஸ்வரி தங்கமானவர். கொரோனா போனாலும் அவர் கைப்பையைவிட்டுச் சானிடைசர் போகவில்லை. எதைக் கொடுத்தாலும் அடித்துத் துடைத்துத்தான் வாங்குவார். பெண் பார்க்கப் போன அன்றே கவனித்திருந்தேன்.

கிளமெண்டியில் அவர்கள் வீட்டில், எல்லோர் முன்னிலையிலும், தட்டைத் துடைத்தார். முதலில் ஆரணி என்ற பெயர் போனது, பிறகு ஜெய். பெண்ணின் பெரியப்பா, "சகுனம் சரியில்ல, பிறகு பாப்பம்" என்று எழுந்துவிட்டார். மோதிரம் மாற்றவில்லை. ஆரணி என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் இராசேஸ்வரியைத்தான் ஏசினார்கள். நான் ஒருத்திதான் அவர் பக்கம் நின்றேன். "சுத்தம் பாக்கிறது தப்பா?" என்று கேட்டேன்.

ஜெய் பிடிவாதக்காரன். பேசிப் பேசி மறுபடி நாள் குறிக்க வைத்துவிட்டான். நேற்று தம்பி வந்தான். "இந்தத் தடவையும் நீதான் அக்கா. உன்ன விட்டா எங்களுக்கு யாரு?"

அப்படிக் கேட்பவனிடம் எப்படி மாட்டேன் என்பது? ஆரணிக்கு நான் ஒருநாளும் கெடுதல் நினைத்ததில்லை. காலையிலேயே போய் அவளுக்குப் பிடித்த ஊதா மையாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

சீலர் வாங்கவில்லை.