ஞாயிறு காலை பத்து மணி: கட்டடக்கலைஞர் முனவராவுக்கு அஞ்சலி

மேடையிலிருக்கும் பெரியோர்களே, முனவரா அம்மையாரின் குடும்பத்தாரே, ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருக்கும் தோழர்களே, காடாம்புலியூரிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவிகளே! கணக்கு ஆசிரியன் செல்வகுமாரின் வணக்கம்.

கட்டடக்கலைஞர் முனவரா நம்மை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. ஆறாண்டுகள் ஞாயிறுதோறும் அவரோடு சேர்ந்து கிராமத்துப் பள்ளிப் பெண்களுக்குப் போனில் பாடம் நடத்தியவன் நான்.

எடுத்தவுடனே வென்றுவிட்டாரா முனவரா? இல்லை! முதல் வாரம் அழகழகான படங்களோடு ஆன்லைன் வகுப்பு வைத்தார். பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். மூன்றாம் வாரம் இரண்டே பேர். வேறொருவராக இருந்தால் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று விலகியிருப்பார். இவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் காரணம் கேட்டார். சிக்னல் நிற்கவில்லை என்றார்கள். வீட்டுக்கே ஒரு போன், அதுவும் பட்டன் போன் என்றார்கள். அடுத்த ஞாயிறே படங்களை ஒதுக்கி வைத்தார். ஐந்தைந்து பேராகச் சாதாரண போன் அழைப்பில் சேர்த்து, வெறும் பேச்சாலேயே வரையக் கற்றுக்கொடுத்தார்! யாருக்கு வரும் அந்தப் பொறுமை?

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் தங்கராசு இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் மகள் சங்கீதாவைக் கட்டடக்கலை படிக்க அனுப்பச் சொல்லி முனவரா பேசிய அன்று நானும் அழைப்பில் இருந்தேன்.

"பொட்டப் புள்ள கட்டடத்து மேல ஏறிக்கினு நிக்குமா மேடம்? எங்களுக்கு அதெல்லாம் சரிப்படாதுங்க."

முனவரா வாதாடவில்லை. "சரிங்க. ஒரே ஒரு உதவி. உங்க வீட்ட அளந்து சொல்றீங்களா? தனியா முடியாது, டேப்போட இன்னொரு முனைய சங்கீதா புடிச்சிக்கட்டும்."

தகப்பனும் மகளும் அளந்தார்கள். சங்கீதா வரைந்தாள். வரைந்த பிறகுதான் சமையலறைக்கு ஒரு சன்னல்கூட இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அம்மா ருக்குமணி அடுப்புப் புகையில் வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார். எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் சன்னல் வேண்டும் என்று மகள் குறித்துக் கொடுத்தாள். அடுத்த லீவில் தங்கராசு சுவரை உடைத்தார். அன்று சாயங்காலமே முனவராவுக்குப் போன்!

"மேடம், புகை நல்லா வெளிய போய்க்கினு இருக்குதுங்க. புள்ளைய எங்க சேக்கணும், சொல்லுங்க."

சங்கீதா இன்று கட்டடக்கலையில் நான்காம் ஆண்டு! அவளுக்குப் பின்னால் கட்டடக்கலை, இன்ஜினீயரிங், இயற்பியல் என்று போனவர்கள் பதினான்கு பேர்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் முனவரா தன் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. "சார், பிளஸ் டூ அப்சானாவுக்கு முக்கோணவியல் இன்னும் பிடிபடல. பரீட்சை வருது. நீங்க அழுதுகிட்டு நிக்காதீங்க" என்று அதட்டினார்.

அவர் போனதால் வகுப்பு நின்றுவிடுமா? நிற்காது! இந்த ஞாயிறு சங்கீதா வரைபடம் சொல்லித் தருகிறாள்; அடுத்து நான் கணக்கு எடுக்கிறேன். முனவராவின் மகன் ரைஹான் அம்மாவின் எண்ணை எங்களிடம் கொடுத்திருக்கிறார். அந்த எண்ணிலிருந்தே கூப்பிடுவோம்.

பெற்றோர்களே, ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் அடிக்கும். பிள்ளையிடம் கொடுங்கள்!