அக்குளில் ஒரு சிவப்புக் கண்ணி

"ஹலோ... ஹலோ! நான்தாண்டி, உன் அக்கா... ஆமா, சாப்பிட்டாச்சு... ஆமா ஆமா, சாப்பிட்டாச்சுன்னா சாப்பிட்டாச்சு... குரல் ஒரு மாதிரி இருக்கா? எந்த மாதிரி?... அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஜலதோஷம்கூட இல்ல. நீ என்ன பண்ணிட்டிருக்க?... துணி மடிக்கிறியா? மடி, மடி. துணின்னா உனக்கு உயிராச்சே."

பெரியவள் துவைக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தாள். பேச்சுக்குத்தான் அது அறை. ஒரு வாஷிங் மெஷினும் ஒரு மனுஷியும் உள்ளே போய்விட்டால், ஒரு கொசு வந்தாலும் வெளியே நின்று முறை வாங்கிக்கொண்டுதான் கடிக்க வேண்டும். வலது காதில் போன். இடது கையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு நீலக் குழந்தை ஸ்வெட்டர், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பப்பட்டு. மெஷின் மூடியின் மேல் மடித்து வைத்த இரண்டு பெரிய ஸ்வெட்டர்கள்: சாம்பல் நிறத்தில் வீட்டுக்காரருடையது, மெரூன் நிறத்தில் சின்னவள் போன தடவை வந்தபோது மறந்துவிட்டுப் போனது.

"ஆமா, நேத்து சந்தைக்குப் போனேன்... இல்ல, கடை போடல. எதை வச்சுக் கடை போடறது, என் தலையையா? போன தடவை வெறும் மேஜையப் போட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துக் கடை மெழுகுவத்திக்காரரு வந்து தன் சாப்பாட்டுப் பையை அதுமேல வச்சுட்டுப் போனாரு. 'இங்க இடம் சும்மாதானே கெடக்கு'ன்னு... ஆமா, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

மேஜை காலியான கதை இதுதான். பெரியவள் பின்னும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பனிமலை ஏறினால் மலைக்கு வியர்த்துவிடும் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட ஸ்வெட்டர்களாக ஆறு, கோடை முழுக்க உட்கார்ந்து பின்னி, ஒரு துணிப்பையில் போட்டு இதே அறையில் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து மகள், மருமகன், குழந்தைகள், மருமகனைப் பெற்றவர்கள் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. வீட்டில் நடக்க இடமில்லை. அழுக்குத் துணி கூரையைத் தொட்டது. "அக்கா, நீ உக்காரு, துணியெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சின்னவள் ஒத்தாசைக்கு வந்தாள். விருந்தாளிகள் கிளம்பிய அன்று பையும் கிளம்பிவிட்டது.

பெரியவள் தேடாத இடமில்லை. சர்க்கரை டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். கடைசியில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழந்துணி வாங்க வந்தவனிடம் தவறிப்போய்த் தானே தூக்கிக் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அன்று முதல் கூடத்து சோபாதான் அவருக்குப் படுக்கை. பேச்சுவார்த்தை அடியோடு நின்றது. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார். உப்பு வரும், பேச்சு வராது.

"உன் மாமாவா? ஞாயித்துக்கிழமையாச்சே, நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போயிருக்காரு... ஆமா, இன்னும் பேசல. எதுக்குப் பேசணும்?... பாவமா? அவரா பாவம்?... சரி சரி, அதை விடு. நேத்து சந்தைல நான் ஒண்ணு வாங்கினேன். மகளுக்குப் பொறந்திருக்கே புதுசா ஒண்ணு, அதுக்கு. என்ன வாங்கினேன், சொல்லு பாப்போம்... தொப்பி இல்ல... கிலுகிலுப்பை இல்ல... ஸ்வெட்டர்."

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்தது.

"என்னது விழுந்துச்சு?... எடு, எடு, நிதானமா எடு. எங்க வாங்கினேன்னு கேக்க மாட்டியா? உன் சிநேகிதி ஒருத்தி பொத்தான் விக்கிறாளே, அவ கடைல... ஆமா, அவளேதான். பொத்தானுக்கு நடுவுல குட்டிக் குட்டியா ஸ்வெட்டர் தொங்குது. என்னைப் பாத்ததும் அவ முகம் வெளுத்துப்போச்சு. நான் வெயில்னு நெனச்சேன். தண்ணி வேற வாங்கிக் குடுத்தேன்!... இல்ல, கேளு. கையில எடுத்துப் பாத்தா, அடேயப்பா, என்ன நெருக்கம்! ஊசி முனை நுழையாது. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்த மாதிரி இறுக்கமா பின்ன எனக்கெல்லாம் ஜென்மத்துக்கும் வராதும்மா'ன்னு நானே சொன்னேன். நானே! என் வாயால! யாரு பின்னினதுன்னு கேட்டா, பேரு வெளிய தெரிய வேண்டாம்னு நெனைக்கிற ரொம்ப அடக்கமான ஒரு கலைஞராம்... ஆமா ஆமா, ரொம்ப அடக்கம். துணி மடிச்சுக்கிட்டே போன் பேசற அளவுக்கு அடக்கம்."

அவள் நீல ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். காலையிலிருந்து நாற்பதாவது தடவையாக இருக்கும்.

"இன்னிக்குக் காலைல விலைச்சீட்டைக் கத்திரிக்கலாம்னு உள்பக்கம் திருப்பினேன். அக்குள்ல என்ன இருந்துச்சு தெரியுமா?... கறை இல்லடி. பின்னல் கண்ணி. ஒரே ஒரு கண்ணி. சிவப்பு."

முதன்முதலில் அவள் பின்னியது வீட்டுக்காரரின் அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைத்தான். கடைசிக் கண்ணிக்கு நூல் தீர்ந்துபோய், கையில் கிடைத்த சிவப்பு நூலால் அக்குளில் முடிச்சுப் போட்டு ஒப்பேற்றினாள். அதை வெளியே காட்டவும் இல்லை, மறக்கவும் இல்லை. அதன் பிறகு பின்னிய ஒவ்வொன்றிலும், நூல் மிச்சம் கிடந்தாலும், இடது அக்குளில் ஒரு சிவப்புக் கண்ணி உண்டு. கட்டின புருஷனுக்கும் தெரியாது, கூடப்பிறந்தவளுக்கும் தெரியாது. போட்டுக்கொள்பவர்களின் அக்குளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஹலோ? இருக்கியா?... மூச்சு விடறது கேக்குது, பேச்சுதான் கேக்கல... ஆமா, யாரு வேணும்னாலும் சிவப்பு நூல் போடலாம். அக்குள்லயா? இடது அக்குள்லயா?... அழாத. அழுதுக்கிட்டே சொன்னா எனக்குப் புரியாது, மூக்கைச் சிந்திட்டுச் சொல்லு... ம்... பையைப் பாத்த... ம்... அழுக்குத்துணின்னு நெனச்ச... பெட்ஷீட்டோட சேத்து... ம், ம்... சூடு எவ்வளவு வச்ச?... கடைசி வரைக்கும் திருப்பினியா! அந்தச் சூட்டுல உருளைக்கிழங்கு வேகுமேடி! பெரிய மனுஷங்க போட்டுக்கற ஸ்வெட்டரைப் பொம்மைக்கு ஆக்கி வெளிய எடுத்திருக்கியே!"

உள்ளே போன ஆறும் ஆளை மறைக்கிற ஸ்வெட்டர்கள். அவை வெளியே வந்த கோலத்தைப் பார்த்தபோது சின்னவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெரியவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. நினைத்ததும் வயிற்றுக்குள் ஏதோ குலுங்கியது. அது சிரிப்பு என்று தெரிந்ததும் அதன் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"நான் சிரிக்கல. தொண்டை... என்னது, இன்னும் கேக்குறாங்களா? பொத்தான்காரிகிட்ட வரிசையா சொல்லி வச்சிருக்காங்களா! அடிப்பாவி, நான் வருஷம் பூரா பின்னணும், நீ வேக வைக்கணுமா?... நான் இனிமே அந்தச் சந்தைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்னு சொன்னேன், ஆமா. அதை நம்பித்தான் அங்க கொண்டுபோய்த் தொங்கவிட்டியா? நான் சொல்றதுல அதை மட்டும் நம்பு."

குரல் சட்டென்று இறங்கியது.

"ஏய். அதெல்லாம் இருக்கட்டும். துவைச்சது தப்பு, போகட்டும். அன்னிக்கு இந்த மெஷின் பக்கத்துல தரையில உக்காந்து நான் அழுதேனே. என் முதுகைத் தடவிக் குடுத்தது யாரு?... 'போனா போகுதுக்கா, உன் கையி இருக்கே, இன்னும் நூறு பின்னலாம்'னு சொன்னது யாரு?... ம். அப்ப அந்த ஆறும் எங்க இருந்துச்சு?... சத்தமா சொல்லு... உன் கைப்பையிலயா... கைப்பை எங்க இருந்துச்சு?... மடியிலயா."

பெரியவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். தன் முதுகில் அன்று மேலும் கீழும் போய் வந்த கை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கை தடவிக்கொண்டிருக்க, இன்னொரு கை ஜிப்பை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

"இரு. அப்படின்னா உன் மாமா?... எங்கிட்ட வந்து நின்னு, பழந்துணிக்காரன்கிட்ட குடுத்துட்டேன்னு சொன்னாரே. வராத ஆளுகிட்ட இல்லாத பையை எப்படிடி குடுத்தாரு?... நீ சொல்லச் சொன்னியா? அவரா சொன்னாரா?... தெரியலையா? உனக்குத் தெரியலன்னா..."

அப்போதுதான் அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். முதல் தும்மல், காற்றில் ஜன்னல் அறைந்தது போல. இரண்டாவது, எவர்சில்வர் தட்டு மாடியிலிருந்து உருண்டது போல. மூன்றாவது, முன்னால் போன இரண்டுக்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன 'ச்சு'. உலகத்தில் எத்தனை கோடி மூக்குகள் இருந்தாலும் இப்படித் தும்முகிற மூக்கு ஒன்றுதான். அதனோடுதான் அவள் இத்தனை காலமும் குடும்பம் நடத்தினாள்.

"அது யாரு?... பூனையா? உங்க வீட்டுல பூனை எப்ப வந்துச்சு?... ஓ, பக்கத்து வீட்டுப் பூனை. சரி, போனை அந்தப் பூனைகிட்ட குடு... குடுடி!"

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பெரியவள் நிமிர்ந்து நின்றாள். தன்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். சண்டையானாலும் இத்தனை வாரம் கழித்து அவரோடு பேசும் முதல் பேச்சு.

"என்னங்க, பேப்பரெல்லாம் படிச்சாச்சா?... முழுங்காதீங்க, சொல்லுங்க. அது எந்த நூலகம்?... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்கதானா?... அவ புருஷனும் இருக்காரா? மூணு பேருமா உக்காந்து சீட்டாடுறீங்களா! நான் இங்க உங்களோட பேசாம பேசாம வாயெல்லாம் வலிச்சுக் கெடக்கேன், நீங்க அங்க சீட்டாடுறீங்களா!... ஆமா, அழுதா. அவ அழுதா நீங்க தாங்கமாட்டீங்க. அதனால நான் அழுதேன்... எப்பவும் திட்டு வாங்குற ஆளுதானே, கூட ஒண்ணு விழுந்தா என்னன்னு நெனச்சீங்களா? அதுக்கு மூணு வாரமா சோபால படுத்தீங்களா?... கழுத்து வலிக்குதா? வலிக்கட்டும்... வலிக்கட்டும்னா வலிக்கட்டும், தைலம் அலமாரில இருக்கு, அது வேற விஷயம்."

ஒரு மூச்சு எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பேரும் கேட்டுக்கங்க, ஸ்பீக்கர்ல போடுங்க... போட்டாச்சா? அன்னிக்கே இவ வந்து, 'அக்கா, தெரியாம துவைச்சுட்டேன், சுருங்கிப்போச்சு'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அந்தப் பக்கம் யாரோ சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்குகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க... யோசிக்கிறீங்களா? ரெண்டு பேரும் யோசிக்கிறீங்களா! இதுல யோசிக்க என்ன இருக்கு?... சரி, கத்தியிருப்பேன். ஒரு நாள் கத்தியிருப்பேன்... சரிங்க, ஒரு வாரம். அக்கம்பக்கம் வீடு காலி பண்ற மாதிரி கத்தியிருப்பேன், போதுமா? அப்புறம் இந்த ஸ்வெட்டரோட குட்டிக் கையைப் பாத்து நான்தான் மொதல்ல சிரிச்சிருப்பேன். என் ஸ்வெட்டரு. என் சிரிப்பு. நீங்க மூணு பேருமா உக்காந்து அதையும் சிரிச்சு முடிச்சுட்டீங்க. எனக்கு அழுகைய மட்டும் குடுத்து வீட்டுல உக்கார வச்சுட்டீங்க... இல்ல, நீங்க பேசாதீங்க. இப்ப நான் பேசறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையில் கிடைத்தது அந்த நீல ஸ்வெட்டர்தான். நன்றாகத் துடைத்தது, அவ்வளவு நெருக்கமான பின்னல்.

பிறகு அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அவள் பின்னலில் கடினமான ஒரு திருப்பம் வரும்போது நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். இப்போது அப்படி வைத்துக்கொண்டாள். மெஷின் மூடியின் மேல் இருந்த சாம்பல் ஸ்வெட்டரையும் மெரூன் ஸ்வெட்டரையும் எடுத்து மேல் தட்டில் பத்திரமாக வைத்தாள். மூலையில் கிடந்த சமையலறைக் கரித்துணிகளை அள்ளி மெஷினுக்குள் போட்டாள். மூடினாள். சூட்டுத் திருகை, அதற்கு மேல் போகாது என்கிற இடம் வரைக்கும் திருப்பினாள்.

"என்னங்க, உங்க சாம்பல் கலர் ஸ்வெட்டர் இருக்குல்ல?... ஆமா, அதேதான். மழைக்கும் அதான், குளிருக்கும் அதான்னு சுத்துவீங்களே. அப்புறம், உன்னோட மெரூன் இருக்குல்லடி, இங்க விட்டுட்டுப் போனியே?... பத்திரமாத்தான் இருக்கு. ரெண்டும் உள்ள இருக்கு... எந்த உள்ளயா?"

பட்டனை அழுத்தி, போனை மெஷினோடு ஒட்டிப் பிடித்தாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் முழுசாகப் போய்ச் சேரட்டும் என்று, ஒரு பாட்டுக் கச்சேரியைக் கேட்க வைப்பது போல, பொறுமையாகப் பிடித்திருந்தாள்.

"கேட்டுச்சா?... தண்ணிதான். சூடு தண்ணி... எவ்வளவு சூடா? அவகிட்ட கேளுங்க, அவளுக்கு அந்த எண்ணு நல்லாத் தெரியும்... நிறுத்த முடியாது. ஒரு தடவை ஆரம்பிச்சா மூடி திறக்காது... கத்தாதீங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினா என்ன புரியும்?... ஓடி வர்றீங்களா? வாங்க, வாங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. அப்படியே பொத்தான்காரிகிட்டயும் சொல்லிடுங்க, புதுச் சரக்கு ரெண்டு வருதுன்னு... ஹலோ?... ஹலோ?"

நாற்காலி சாய்ந்தது. கதவு அறைந்தது. யாரோ சீட்டுக்கட்டை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

பெரியவள் போனைக் கீழே வைத்தாள். மேல் தட்டிலிருந்து சாம்பல் ஸ்வெட்டரை இறக்கி, இடது அக்குளைத் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. அதை மறுபடி மடித்து மேலே வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அவர்கள் மூச்சிரைக்க வந்து மணியடிப்பதை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.