கோழிக்கு ஒரு முதுகுச் சட்டை

பயப்படாதீங்க சம்பந்தியம்மா, நம்ம சேவல் கொத்த மாட்டான். புது ஆளைக் கண்டா கொஞ்சம் சிலுத்துக்குவான், அவ்ளோதான். நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க. மிஷின் பக்கம் வேண்டாம், கீழ ஊசி கெடக்கும். பொண்ணோட அளவு ரவிக்கை கொண்டாரச் சொன்னேனே, இருக்கா? பையிலயே இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன். ஏன் நெளியுறீங்க, சம்பந்தின்னு கூப்பிட்டதுக்கா? இன்னும் பேசி முடிக்கலதான். ஆனா முடிஞ்ச மாதிரிதானே.

என்ன அங்கயே பாக்குறீங்க? ஓ, அந்தக் கோழியா! வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. ஆமா, சட்டைதான். நான்தான் தச்சேன். இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிற கை, ஒரு கோழிக்குத் தைக்காதா? முதுகுல கெட்டியா ரெண்டு மடிப்புத் துணி, றெக்கைக்கு ரெண்டு பக்கமும் எலாஸ்டிக். இருங்க, புடிச்சுக் கழட்டிக் காட்டுறேன். ம், பாருங்க. முதுகுல ஒரு எறகு இருக்கா? பின்கழுத்தும் மொட்டை. மிதிக்கிறப்போ அவன் அலகால அங்கதான் கவ்வுவான். கால் முள்ளு முதுகெல்லாம் கீறிடும். புண்ணு ஆறுறதுக்குள்ள மறுபடியும் வந்து நிப்பான்.

அச்சச்சோவா? நீங்க கோழி வளத்ததில்ல, அதான் பதறுறீங்க. மொத்தம் ஏழு இருக்கு. மத்த ஆறும் துள்ளும், கத்தும், வேலியோரமா ஓடிப் போயிடும். இது மட்டும் அவன் நெழலு பட்டாலே அப்படியே உக்காந்துடும். பாவம், வாயே கெடையாது. எனக்கு இதத்தான் புடிக்கும்.

கால்நடை டாக்டர் ஒருத்தர் வந்தார். சேவலைத் தனிக் கூண்டுல போடணுமாம், முள்ளு முனைய அரத்தால ராவணுமாம். நல்லாருக்கே கதை! குஞ்சா இருந்தப்போ மடியில வச்சு வளத்தவனை நான் கூண்டுல போடுறதா? ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். அதுக்காக அவனப் போய் ராவுவாங்களா? கோழிக்கு ஒரு துணியத் தச்சு மாட்டிட்டேன். இப்போ வெளிய இருந்து பாத்தா என்ன தெரியுது உங்களுக்கு? ஒண்ணும் தெரியல இல்ல? அப்புறம் என்ன.

துணியவே தடவிப் பாக்குறீங்களே. உங்களுக்குக் கண்ணு பொல்லாத கண்ணு! ஆமா, ரவிக்கைத் துணிதான். மொத மருமக போட்டது. என் பையனுக்கு இது ரெண்டாங் கல்யாணம்னு தரகர் சொல்லியிருப்பாரே. நான் எதையும் மறைக்கிறவ இல்ல. பெட்டியில இன்னும் ஆறு ரவிக்கை கெடக்கு. எல்லாம் என் கையால தச்சது. முழுக்கை, முதுகு மூடின கழுத்து. வெயில் காலத்துலயும் அதத்தான் போடுவா. ஒரு நாள் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்ல. தலையில மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியல. பின்னந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்ல. முந்தானைய இழுத்து மூடிக்கடின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன்.

அவ எங்க போனான்னா கேக்குறீங்க? கூட்டிட்டுப் போயிட்டானுங்க. மூணு அண்ணனுங்க அவளுக்கு, ஆளு ஒவ்வொருத்தனும் கதவு ஒசரம். நடு அண்ணன் சும்மா பாத்துட்டுப் போக வந்தவன், அவ குனிஞ்சு தண்ணி குடுக்குறப்போ முந்தானை சரிஞ்சு போச்சு. மறுநாள் மூணு பேரும் வேன் எடுத்துட்டு வந்து நிக்கிறானுங்க. என் பையனுக்கு ரெண்டு பல்லு போச்சு. பெத்த வயிறு எப்படித் துடிச்சிருக்கும், நீங்களே சொல்லுங்க. அங்கதான் நான் கோட்டை விட்டேன். பொண்ணு அழகு, அடக்கம் எல்லாம் பாத்தேன். கூடப் பொறந்தவனுங்கள எண்ணாம விட்டுட்டேன்.

இந்தத் தடவை தரகர்கிட்ட தெளிவா சொல்லிட்டேன். நெறம் முன்னப்பின்ன இருக்கட்டும், படிப்பு இல்லாட்டியும் பரவால்ல. உங்க பொண்ணுக்கு அப்பா இல்ல, அண்ணன் தம்பி இல்ல, ஒரு மாமன் கூட இல்லன்னார். அடுத்த நிமிஷமே சரின்னுட்டேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? டீ கூட குடிக்கல. போறதுன்னா போங்க, நான் என்ன கதவப் பூட்டியா வச்சிருக்கேன்? ஆனா எங்க போவீங்க? இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமே. சின்னப் பொண்ணுங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பீங்க? மாடியில ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு. வெள்ளையடிக்க ஆள் கூடச் சொல்லிட்டேன். மூணு பேரும் வந்து இருந்துக்கங்க. பொண்ணை நீங்க தெனமும் கண்ணாலயே பாக்கலாம், இதுக்கு மேல என்ன வேணும்? நல்லா யோசிங்க. அவசரமே இல்ல.

ம், உக்காந்துட்டீங்களா. அதான் நல்லது.

சரி, அந்த அளவு ரவிக்கைய எடுங்க. அட, அரைக்கையா? பரவால்ல, நான் முழுக்கையா வச்சிடுறேன். பின்கழுத்தையும் ரெண்டு விரல் ஏத்தியே தைக்கிறேன்.